டிரெக்டரின்ர காலும் என்ர பதவியும்

நேற்று எனக்கு ஒரு சின்ன வேலை. கொழும்பில இருந்து வாற டிரெக்டருக்கு எங்கட நண்டுக் கொம்பனியைச் சுத்திக் காட்டி, மத்தியானம் சோறு குடுத்து அனுப்பிவிட வேணும். அவ்வளவுதான்.

ஆனா அவர் சும்மா வரேல்ல. மன்னார்க் கிளைக்கு என்னை நிரந்தர மனேஜராப் போடுறதா இல்லையா எண்டு பாக்கத்தான் வந்தவர். கனகாலமா நான் பதில் மனேஜர். அடம்பனில இருக்கிற மாமியாருக்கு மட்டும் எப்பவோ நிரந்தரமாயிட்டன் எண்டு சொல்லிவைச்சிருக்கிறன்.

போன கிழமை கொம்பனி எங்களுக்கு சூம்ல ஒரு வகுப்பு வைச்சது. தலைவர்மார் இனி அதிகாரம் பண்ணக்கூடாதாம். தலைவன் எண்டவன் சேவகனாம். உலகம் முழுக்க இதுதான் புதுப் போக்காம். டிரெக்டருக்கு இதில சரியான பைத்தியம்.

நான் விடுவனா? நண்டு உடைக்கிற பெண்டுகளைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினன். எல்லாரும் முழிச்சுக்கொண்டு நிண்டினம். வேதக்காரச் சனம்தானே எண்டு சுகமான உதாரணம் ஒண்டு சொன்னன்.

"பெரிய வியாழன் அண்டு கோயில்ல பாதர், யேசு சீடருக்குச் செய்தமாதிரி பன்னிரண்டு பேரின்ர காலைக் கழுவுறார் எல்லே, அதுதான் தலைமை. இனி நானும் அப்பிடித்தான்."

மேற்பார்வை பாக்கிற ஆக்னஸ் அக்கா கேட்டா, "டிரெக்டர் வாற அண்டோ சேர்?"

"ஓம் ஓம், அண்டைக்கே தொடங்குவம்" எண்டன். என்ர வாய் சும்மா இருக்காது.

நேற்றுக் காலமை போய்ப் பாத்தா ஒரு நண்டும் உடைபடேல்ல. பன்னிரண்டு கதிரை வரிசையா இருக்கு. முன்னால பேசின், செம்பு, வெள்ளைத் துவாய். பெண்டுகள் பூட்ஸைக் கழட்டிப்போட்டு இருக்கினம். ரெண்டு பேர் கால் நகத்துக்குக் கியூட்டெக்ஸும் பூசியிருந்தினம்.

"அக்கா, என்ன இது?"

"நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள். யோசியாதேங்கோ, எல்லாரும் வீட்டில ஒருக்காக் கழுவிப்போட்டுத்தான் வந்தனாங்கள்."

கடைசிக் கதிரை மட்டும் வெறுமையாக் கிடந்தது.

"அது ஆருக்கு?"

"அது யேசுவைக் காட்டிக்குடுத்த யூதாஸின்ர கதிரை சேர். ஒருத்தியும் இருக்கமாட்டாளாம். ஆனா பன்னிரண்டு பேர் இல்லாட்டிச் சரிவராது."

லொறி ஓட்டுற ஹனிபா நானாவை அதில வந்து இருக்கச் சொல்லிக் கேட்டுப் பாத்தன்.

"நான் தொழுகைக்கு ஐஞ்சு நேரமும் என்ர காலை நானே கழுவுறன் சேர். என்னை விட்டுருங்கோ" எண்டிட்டார்.

அந்த நேரம் பாத்து வாசல்ல வாகனம் வந்து நிண்டது. அங்கால பெட்டியில ஐஸ் கரையுது. வேலை ஏன் நிண்டது எண்டு சொல்ல என்னட்ட வேற காரணம் இல்லை. துவாயை இடுப்பில கட்டிக்கொண்டு முழங்காலில விழுந்தன்.

டிரெக்டர் உள்ள வந்தவர், அப்பிடியே மலைச்சுப்போய் நிண்டார்.

"தம்பி, இதத்தான் நான் இவ்வளவு காலமாத் தேடினேன்" எண்டு சொல்லிக்கொண்டு சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, வெறுங் கதிரையில போய் இருந்தார்.

பெண்டுகள் ஆளையாள் பாத்தினம். ஒருத்தி சிலுவை போட்டாள்.

நான் பன்னிரண்டு பேரின்ர காலையும் கழுவினன். கழுவாமல் வந்தது டிரெக்டர் மட்டும்தான்.

எல்லாம் முடிய அவர் என்ர தோளில கை போட்டார்.

"உங்கள மனேஜராப் போடத்தான் வந்தேன். ஆனா இவ்வளவு பணிவான மனுசனுக்குப் பதவி ஒரு பாரம். நீங்க இப்படியே இருங்க. இவங்களிட்ட வேலை வாங்க ஒரு கண்டிப்பான ஆள அனுப்புறேன்."

படம் ஒண்டு எடுத்துக்கொண்டு வாகனத்தில ஏறிப் போயிட்டார். சோறு கூடத் தின்னேல்ல.

ஆக்னஸ் அக்கா துவாயைப் பிழிஞ்சுகொண்டு சொன்னா, "கதிரைப் பலன் சேர்."

பணிவு நல்ல குணம்தான். ஆனா பதவி கைக்கு வந்தாப் பிறகு காட்டுங்கோ.