நடுநிலை அண்ணனின் ஆயுத உதவி

உலகத்தில் இதுவரை நடந்த சண்டைகளில், இரண்டு தரப்புக்கும் ஆயுதம் கொடுத்து, இரண்டு தரப்பிடமும் திட்டு வாங்கி, கடைசியில் இரண்டு தரப்பின் வீட்டிலும் கைநனைத்துவிட்டு வந்த ஒரே மனிதர் எங்கள் நடுநிலை அண்ணன்தான். வல்லரசுகள் முதல் இரண்டையும் சுலபமாகச் செய்துவிடுகின்றன. மூன்றாவதுதான் அவர்களுக்கு வருவதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், கருகிப்போன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். டீக்கடையில் “டீயா, காப்பியா?” என்று கேட்டால், “பாதி பாதி போடுங்க, யாரும் வருத்தப்படக் கூடாது” என்பார். போட்டதைக் குடிக்கவும் செய்வார். தேர்தல் வந்தால் அவர் கடை ஷட்டரின் இடது பாதியில் ஒரு கட்சி, வலது பாதியில் எதிர்க்கட்சி. சட்டைக்கு ஒரே பக்கம் பை வைப்பது ஓரவஞ்சனை என்று தையல்காரரிடம் வாதாடி, இரண்டு பக்கமும் பை வைத்துத் தைத்துக்கொண்டவர்.

போஸ்னியாவில் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. சாயங்காலமானால் அண்ணன் வெளிநாட்டு வானொலியின் தமிழ்ச் செய்தியைக் கேட்பார். எந்த நாடு யாருக்கு பீரங்கி கொடுத்தது, எந்தத் தூதர் எந்த ஓட்டலில் யாரைச் சந்தித்தார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கேட்டு முடித்ததும் கடைச் சுவரில் சாக்பீஸால் போஸ்னியா வரைபடத்தைத் திருத்துவார். புதுச் சமாதானத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் எல்லைக்கோடு மாறும். தெரியாமல் சுவரில் சாய்ந்தவர்கள் முதுகில் எல்லையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். என் வெள்ளைச் சட்டையில் ஒரு தடவை ஒரு மாவட்டமே வந்துவிட்டது.

இப்படிப்பட்ட மனிதர் இருக்கும் சந்தில் ஒரு போர் மூளாமல் இருக்குமா?

நான் அப்போது ஒரு நூல் மில் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, பழனிச்சாமி என்பவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். பக்கத்து வீடு அவருடைய அக்கா சரசக்காவுடையது. அவர்களுடைய அப்பா காலமாவதற்கு முன்னால் இடத்தைச் சரிபாதியாகப் பிரித்து, நடுவே மதில் எழுப்பியிருந்தார். கிணறு சரியாக நடுவில் இருந்ததால் மதில் கிணற்றுக்கு மேலேயே போனது. பாதிக் கிணறு தம்பிக்கு, பாதிக் கிணறு அக்காவுக்கு. ஆளுக்கொரு அரை எச்.பி. மோட்டார். தண்ணீருக்கு மட்டும் மதில் தெரியவில்லை.

பழனிச்சாமிக்கு முப்பத்தி நாலு வயதாகியும் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. ஒருநாள் காலையில் அன்னூர்ப் பக்கம் பெண் பார்க்கப் போகவேண்டும். அக்காவும் கூடப் போவதாக ஏற்பாடு. அக்கா தலைக்கு வார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத் தம்பி மோட்டாரைப் போட்டு ஸ்கூட்டரைக் கழுவினார். கிணற்றில் இருந்ததே கொஞ்சம். அக்காவின் தலை நிறைய சீயக்காய், குழாயில் வெறும் காற்று. அவர் கத்தியது மோட்டார் சத்தத்தில் தம்பிக்குக் கேட்கவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறதே என்று தம்பி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டார். பெண்ணைப் பிடித்துப்போய், நிச்சயமும் பேசிவிட்டு வந்தார்.

“என்னைய சீயக்காயோட நிறுத்திப்போட்டு, இவம்பாட்டுக்குப் போய்ப் பொண்ணு பேசிட்டு வந்துட்டானுங்க! இனி அவன் யாரோ நான் யாரோ!” என்று சரசக்கா சந்துக்கே அறிவித்தார். அதுதான் போர்ப் பிரகடனம்.

அக்கா விடிவதற்குள் எழுந்து மோட்டாரைப் போட்டுத் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தார். தம்பி போய் நடுநிலை அண்ணனிடம் முறையிட்டார். அண்ணன் கடையில் ரிப்பேர் முடிந்து நின்ற ஒரு எச்.பி. மோட்டார் ஒன்றை, திருப்பிக் கேட்கும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தனுப்பினார். மறுநாள் அக்கா கடைக்கு வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன்.

“ஏனுங்ணா, அவனுக்கு மட்டும் ஒரு எச்.பி. குடுத்தீங்களாமா? நானென்ன அசலூர்க்காரியா?”

“அம்மணி, நாம நடுநிலைங்க. அவருக்குக் குடுத்தா உங்களுக்கும் குடுக்கோணும். அதுதான் முறை.”

“அப்ப எனக்கு ஒண்ணரை குடுங்க.”

“எடுத்துக்குங்க.”

ஒன்றரை போனதும் தம்பி வந்து இரண்டு வாங்கிப் போனார். இரண்டைப் பார்த்து அக்கா மூன்று வாங்கியதோடு, கிணற்றுக்குள் குழாயையும் தம்பியுடையதைவிடக் கீழே இறக்கினார். தம்பி அதற்கும் கீழே இறக்கினார். இரண்டு மோட்டாரும் ஓடினால் என் மாடி ஜன்னல் கண்ணாடி நடுங்கும். போர்க்களத்தில் மாட்டிக்கொண்ட பொதுமக்கள் என்று நான் ஒருவன்தான். மில்லுக்கு அரைமணி நேரம் முன்னால் போய் அங்கே குளித்துக்கொண்டேன்.

பொறுக்காமல் அண்ணனிடம் கேட்டேன். “ஏனுங்ணா, நீங்க குடுக்கக் குடுக்க சண்டை பெருசாத்தான ஆகுது?”

“தம்பி, ரெண்டு பக்கமும் சமபலமா இருந்தா ஒருத்தருக்கொருத்தர் பயந்துட்டுக் கம்முனு இருப்பாங்க. நியூஸ்லயே சொன்னாங்க.”

“அங்க அவங்க கம்முனு இருக்கறாங்கன்னு சொன்னாங்களா?”

அண்ணன் சாக்பீஸை எடுத்துச் சுவர் வரைபடத்தில் ஒரு கோட்டைத் திருத்தினார். “அதை இன்னும் சொல்லலீங்க” என்றார்.

ஆனி மாதம் கிணற்றுத் தண்ணீர் அடியைத் தொட்டது. தண்ணீர் இல்லாமலே வீம்புக்கு ஓடியதில் இரண்டு மோட்டாரும் ஒரே நாளில் காயில் கருகி, ஒரே தள்ளுவண்டியில் அண்ணன் கடைக்கு வந்தன. அண்ணன் உடனே ஆயுதத் தடை அறிவித்தார். சமாதானம் ஆகும்வரை எந்தத் தரப்புக்கும் காயில் கட்டமாட்டாராம். கோயமுத்தூரில் ஒரு கடைக்காரர் காயில் கட்டமாட்டேன் என்றால் மோட்டார் நின்றுவிடுமா? அக்கா பீளமேட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்தார். தம்பி சிங்காநல்லூரில் ஒன்று வாங்கினார். தடை தூள்தூளானது. அண்ணனுக்கு அதில் வருத்தமே இல்லை. “பெரிய நாடுகளுக்கே இப்படித்தாங்க ஆகுது” என்று முகமெல்லாம் பூரித்துப் போய்ச் சொன்னார்.

அடுத்தது பேச்சுவார்த்தை. இடம், காயில் கடை. யார் முதலில் உள்ளே வருவது என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று. கடைசியில் இருவரும் ஒரே சமயத்தில் நுழைவதென்று முடிவானது. கடை வாசலோ ஒரு ஆள் அகலம். இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துச் சிக்கிக்கொள்ள, அண்ணன் உள்ளிருந்து இழுத்து விடுவித்தார். ஆளுக்குப் பாதி நாள் தண்ணீர் என்று பேசி, போர்நிறுத்தமும் ஆனது. அதைக் கொண்டாட அவர் சொல்லியனுப்பிய பாதி டீ பாதி காப்பி வருவதற்குள், காலைப் பாதி யாருக்கு என்று ஆரம்பித்து அக்கா எழுந்து போய்விட்டார்.

கல்யாணமோ ஆவணியில். எங்கள் பக்கம் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர். பொண்டாட்டி வருவதற்கு முன்னால், உனக்கு நான் இருக்கிறேன் என்று அக்கா வந்து நிற்பதுதான் அது. கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா சித்தப்பா மகள் நிற்கலாம். அக்காவை அடுத்த வீட்டில் வைத்துக்கொண்டு வேறொருத்தி நின்றால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? கல்யாணமே நின்றாலும் நின்றுவிடும் என்று பழனிச்சாமி பயந்தார். ராத்திரிச் சோறு பாதி அப்படியே இருக்கும். ஆனால் மதிலைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அக்காவோ தம்பி கல்யாணத்துக்கென்று எடுத்த பட்டுச் சேலையை வெளியே எடுத்துப் பார்ப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தார். என் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் நான் கடைக்குப் போனேன். வானொலி ஓடிக்கொண்டிருந்தது. போஸ்னியாவில் முற்றுகையில் இருந்த ஊரில், குடத்தோடும் கேனோடும் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள்மேல் குண்டு விழுந்து பலர் செத்துப்போனார்கள் என்று செய்தி. அண்ணன் வானொலியை நிறுத்தினார். செய்தி முடிவதற்கு முன்னால் அவர் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

“தண்ணிக்கு நின்னவங்கங்க” என்றார். ஈரத்துணியை எடுத்துச் சுவரிலிருந்த வரைபடத்தை முழுக்கத் துடைத்தார்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் டெஸ்டரோடு தம்பி வீட்டுக்கு வந்தார். லைன் பார்க்கவேண்டும் என்று சொல்லி மோட்டாரின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடது பையில் போட்டுக்கொண்டார். அடுத்து அக்கா வீட்டுக்குப் போய் அந்தக் கட்டையைப் பிடுங்கி வலது பையில் போட்டுக்கொண்டார். விஷயம் தெரிந்து இரண்டு பேரும் கடை வாசலில் நின்று திட்டினார்கள். பல நாளைக்குப் பிறகு அக்காளும் தம்பியும் ஒரே பக்கம் நின்ற சண்டை அது. அண்ணன் இரண்டு பைகளையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். வேறு கட்டை வாங்கிப் போட ஏனோ இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை; இரண்டு வீடும் கயிறும் வாளியுமாக இறைத்துப் பிழைத்தது. கிணறு மெல்ல ஊற ஆரம்பித்தது.

முகூர்த்தத்துக்கு முதல் நாள்வரை அக்கா வருகிற மாதிரி தெரியவில்லை. பழனிச்சாமி மனசு விட்டுப்போய், சென்னிமலையிலிருந்து சித்தப்பா மகளை வரச்சொல்லிவிட்டார். அக்காவுக்குத் தெரியவேண்டாம் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டார். நடுநிலை அண்ணனிடமும் கேட்டுக்கொண்டார், பாவம்.

ஒரு தரப்புக்குத் தெரிந்தது இன்னொரு தரப்புக்கும் தெரியவேண்டாமா? அண்ணன் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு நேரே சரசக்கா வாசலில் போய் நின்றார்.

“அம்மணி, முறைப்படி சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க. நாளைக்கு உங்களுக்குப் பதிலா சென்னிமலைப் புள்ள சீருக்கு நிக்குதுங்க.”

“என்னது?” அக்கா குரல் சந்து முனைவரை கேட்டது. “நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, என்ற தம்பிக்கு இன்னொருத்தி வந்து சீர் செய்யறதா? அவளை எனக்கு முன்னால நிக்கச் சொல்லுங்க, பாக்கறேன்! என்ற கையால சோறூட்டி வளத்த புள்ளைங்க அவன்!”

அண்ணன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். “காரியத்தைக் கெடுத்துப்போட்டனுங்க தம்பி. ரகசியம் வெளிய போயிருச்சு. போர் இன்னும் முத்தப் போவுது” என்று என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய ராஜதந்திரத்திலேயே பலித்தது அது ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் சரசக்கா அந்தப் பட்டுச் சேலையில் மண்டபத்துக்கு வந்தார். இடுப்பில் ஒரு குடம் தண்ணீர், அந்தக் கிணற்றிலிருந்து தன் கையால் இறைத்தது. சென்னிமலைப் பெண் தானாக ஒதுங்கிக்கொண்டாள். அக்கா தம்பி பக்கத்தில் போய் நின்றார். பழனிச்சாமி வாயைத் திறந்தார்.

“அக்கா, அன்னிக்கு சீயக்காய்...”

“கம்முனு நில்லுடா. எல்லாரும் பாக்கறாங்க” என்றார் அக்கா. கண் நிறைந்து வழிந்தது, இரண்டு பேருக்கும்.

மூன்றாவதாக ஒருவரும் அழுதார். அக்கா வீட்டுச் சொந்தபந்த ஒறம்பரைக்கும் தம்பி வீட்டு ஒறம்பரைக்கும் நடுவில் நின்றுகொண்டு, இந்தப் பக்கத்து ஆள் துண்டில் ஒரு கண்ணையும் அந்தப் பக்கத்து ஆள் துண்டில் இன்னொரு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் ஒரே மோட்டார்தான், அரை எச்.பி. மறுவிருந்தை எந்த வீட்டில் சாப்பிடுவது என்ற இழுபறியில் அண்ணன் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு, இரண்டு நாள் கடை திறக்கவில்லை. நான் சில வருடங்களில் வேலை மாறி ஊரைவிட்டு வந்துவிட்டேன்.

இப்போதும் டிவியில் எங்காவது சண்டை நடக்கும், ஒரு தூதர் கோட்டைச் சரிசெய்துகொண்டு விமானத்திலிருந்து இறங்குவார். அந்தக் கோட்டில் எத்தனை பை இருந்து என்ன? இரண்டு ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு பேர் திட்டையும் வாங்கிக்கொண்டு உட்கார ஒரு மனசு வேண்டும். எங்கள் அண்ணனை அங்கே அனுப்பியிருக்கலாமே என்று நினைத்துக்கொள்வேன். நினைத்த உடனே, வேண்டாம், அவர் இங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்றும் தோன்றும்.