டொக்டரின் போனில் வந்த நாலு கேள்விகள்

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் இந்த உலகத்துக்கு ஒரு வருடம் பிந்தி வந்ததற்கு அப்பாதான் காரணம். ஒரு டொக்டரின் போனில் நான் செய்த வேலையால் வந்த வினை அது. அம்மா இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அதில் பாதி அவளுடைய கைச்சரக்கு. இந்த முறை குற்றவாளியின் வாயாலேயே கேளுங்கள்.

அது வடக்கில் சண்டை நடந்த காலம். நான் வவுனியாவிலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தேன். படிப்பு ஓ.எல். வரைக்கும்தான். அதற்கு மேல் ஆறு மாதக் கொம்பியூட்டர் கோர்ஸ் ஒன்று. (சான்றிதழில் தங்க நிற முத்திரை இருந்தது. அதைப் பார்த்து ஏமாந்துதான் வேலை தந்திருப்பார்கள்.) காலி வீதியில் ஒரு தையல் கடைக்கு மேலே மூன்று பேர் வேலை செய்த கம்பனி. அதை நடத்திய எங்கள் சேர் வெளிநாட்டில் படித்துவிட்டு ஒரு கொள்கையோடு திரும்பியிருந்தார். கொம்பியூட்டருக்கு ஒரு திரை, போனுக்கு ஒரு திரை என்று தனித்தனியாக வரையக் கூடாது என்பது அந்தக் கொள்கை. கேட்க வேண்டியது என்ன, எது முக்கியம் என்று ஒரே இடத்தில் 'மாதிரி' என்று ஒன்றை எழுதி வைக்க வேண்டும். மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். பெரிய திரை என்றால் எல்லாவற்றையும் விரித்துப் போடும். சின்னத் திரை என்றால் முக்கியமானதை மட்டும் கேட்கும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கிளினிக். டொக்டரைச் சனல் பண்ண, அதாவது நேரம் எடுத்துப் பார்க்க, வருகிறவர்களை அங்கே கடதாசிப் படிவத்தில் பதிவார்கள். அதை எங்கள் மாதிரிக்கு மாற்ற வேண்டும். படிவத்தை வாங்க ஒரு தடவை போனால் போதும். நான் நாலு தடவை போனேன். கவுண்டரில் உங்கள் அம்மா இருந்தாள்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிளாக். பெண் கேட்டுப் போன என்னை ஒரு தடவைதான் உட்கார வைத்துக் கதைத்தார்.

"தம்பி, வேலை நிரந்தரம் எண்டு கடிதம் இருக்கோ?"

"இன்னும் இல்லை, மாமா."

"அப்ப நானும் இன்னும் மாமா இல்லை."

சேரிடம் ஓடினேன். "கிளினிக் ஓம் எண்டு சொல்லுற அண்டைக்கே கடிதம்," என்றார். பிறகு படிவத்தைக் கையில் தந்தார். "ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு இலக்கம் போடும். எது இல்லாட்டி ஒண்டும் நடக்காதோ, அதுக்கு ஒண்டு. எது இல்லாட்டியும் பரவாயில்லையோ, அதுக்கு அஞ்சு."

படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். கடைசி நாலும் வெளியூர்க்காரருக்கு. அடையாள அட்டை இலக்கம் என்ன, யார் வீட்டில் தங்கியிருக்கிறீர், கொழும்புக்கு வந்த காரணம் என்ன, எப்போது திரும்பிப் போவீர்.

எது இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது? நான் நேர்மையாகவே யோசித்தேன். அறை எடுக்க, பொலிசில் பதிய, பஸ்ஸில் போக, றோட்டில் சும்மா நிற்கக்கூட என்னிடம் கேட்கப்பட்டவை இந்த நாலும்தான். இதற்குப் பதில் இல்லாத மனிதன் கிளினிக் வாசல் வரைக்கும் எப்படி வந்து சேருவான்? நாலுக்கும் ஒன்று போட்டேன். எந்த டொக்டர், எத்தனை மணி என்பவற்றுக்கு இரண்டு. என்ன வருத்தம், உடம்புக்கு என்ன என்பதற்கு ஐந்து. (அதை எப்படியும் டொக்டர் நேரில் கேட்பார்தானே.)

பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டும் கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாக வந்து உட்கார்ந்தன. போனில் பார்க்கவில்லை. கம்பனியில் அதற்கு ஏற்ற போன் ஒன்றுதான். அது எப்போதும் சேரின் காதில் இருந்தது.

காட்டிக் கொடுக்கும் நாள் வந்தது. (செய்து காட்டும் நாள் என்றுதான் எழுத வந்தேன். இருக்கட்டும், இதுதான் பொருத்தம்.) போகும் வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். "கொஹேத யன்னே?" என்று சிங்களத்தில் தொடங்கினான் கொன்ஸ்டபிள். எங்கே போகிறேன், யார் வீட்டில் இருக்கிறேன், ஏன் வந்தேன், எப்போது போவேன். நான் இலக்கம் போட்டது எவ்வளவு சரி என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

கவுண்டரில் உங்கள் அம்மா பெரிய திரையில் ஒரு நோயாளியைப் பதிந்து காட்டினாள். ஒரு பிழையும் இல்லை. கிளினிக்கை நடத்திய பெண் டொக்டர் தலையாட்டிவிட்டுத் தன் போனை எடுத்தார். அந்தப் போன்களில் தமிழ் எழுத்து வராது. தமிழையே இங்கிலிஷ் எழுத்தில் அடித்திருந்தேன். அவர் சத்தமாக எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"அடையாள அட்டை இலக்கம்." அடித்தார்.

"யார் வீட்டில் தங்கியிருக்கிறீர். என்ர வீட்டிலதான்." அடித்தார்.

"கொழும்புக்கு வந்த காரணம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான் பிறந்ததே இங்கதான், தம்பி. அப்பிடியே போடவோ?"

"போடலாம், டொக்டர்." (சேர் என் காலை மிதித்தார்.)

"எப்போது திரும்பிப் போவீர்." அதற்கும் ஏதோ அடித்தார். திரை நன்றி சொல்லிவிட்டு முடிந்துபோனது.

டொக்டர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது நோயாளியைப் பதியவோ, பிடிச்சுக் குடுக்கவோ?"

கவுண்டருக்குப் பின்னால் உங்கள் அம்மா ஒரு ஃபைலால் முகத்தை மூடினாள். ஃபைல் குலுங்கியது.

"மாதிரியில பிழையில்லை டொக்டர், இலக்கத்திலதான்," என்று சேர் தொடங்கினார்.

"இலக்கம் போட்டது ஆர்?"

"நான்தான்," என்றேன். "எல்லாரும் முதல்ல அதைத்தானே கேக்கிறவை, டொக்டர்."

ஃபைல் குலுங்குவது நின்றது. டொக்டர் போனை மேசையில் வைத்தார். பிறகு சேரிடம், "ஒரு வருசம் போகட்டும். வடிவாச் செய்து கொண்டு வாங்கோ," என்றார்.

கடிதமும் ஒரு வருடம் தள்ளிப் போனது. துறைமுகத்துக் கிளாக் கடிதம் எங்கே என்று கேட்டபோது, "அடுத்த வருசம், அங்கிள்," என்றேன். அம்மா காத்திருந்தாள். அதற்கு வட்டியைத்தான் இன்றுவரை வாங்குகிறாள். எனக்குக் காய்ச்சல் என்று படுத்தால் கட்டிலடியில் வந்து நிற்பாள். "ஆர் வீட்டில தங்கியிருக்கிறீங்கள்? எப்ப திரும்பிப் போவீங்கள்?" நீங்களும் சேர்ந்து சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

அம்மாவுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அன்று பின்னேரம் கம்பனிக்குத் திரும்பியதும் சேர் தன் போனை என் மேசையில் வைத்தார். "திருத்திப்போட்டு நீரே அடிச்சுப் பாரும்," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். மற்றவர்களும் போயிருந்தார்கள். நாலு கேள்விகளுக்கும் ஐந்து போட்டேன். பெயருக்கும் வருத்தத்துக்கும் ஒன்று. சோதித்துப் பார்க்க ஒரு நோயாளி வேண்டும் என்று என் பெயரையே கொடுத்தேன்.

போன் என்னிடம் கேட்டது: உங்களுக்கு என்ன செய்யுது?

கொழும்புக்கு வந்து மூன்று வருடம். எந்தப் படிவமும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பயம் என்று அடித்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். மூக்கடைப்பு, தடிமன் என்று போட்டு அனுப்பினேன்.