திரும்பி வரக் காரணம்

"படிப்பு முடிஞ்சதும் இந்தியாவுக்கு ஏன் திரும்பி வருவீங்க?"

நேர்காணல் ஒத்திகைக்காக விசா அதிகாரியாக நடித்துக்கொண்டிருந்த ராம்பிரசாத் கேட்டார். புனே விமான் நகரில் அவருடைய விசா ஆலோசனை அலுவலகம். எதிரே அகல்யா மேசையைப் பார்த்தபடி இருந்தாள்.

"அப்பா, அம்மா இருக்காங்கன்னு சொல்லுங்க."

"அவங்க நான் படிக்கப் போற நாட்டுலயே அண்ணன்கூட இருக்காங்க சார்."

"அப்போ கண்டிப்பா சந்தேகப்படுவாங்க. ஃப்ரெண்ட்ஸ்?"

"லேப்ல ஒருத்தி இருந்தா. கல்யாணமாகி நாசிக் போயிட்டா."

"உங்களைத் தேடறதுக்கு புனேல யாருமே இல்லையா?"

அகல்யா யோசித்தாள். பால் பாக்கெட் போடுகிறவர்கூட மணி அடிப்பதில்லை.

ராம்பிரசாத் பெருமூச்சு விட்டார். "கராடி ஏரியாலதானே இருக்கீங்க? பார்க்ல சிரிப்பு கிளப் இருக்கு. போய்ச் சேருங்க. நாலு பேரைத் தெரிஞ்சா பதில் தானா வரும்."

மறுநாள் காலை பூங்காவில் பெரியவர்கள் கைகளைத் தூக்கி 'ஹா ஹா' என்றார்கள். அகல்யாவும் தூக்கினாள். சத்தம் வரவில்லை. வாய் கோணியது. தோள்கள் மட்டும் குலுங்கின.

"அரே, இந்தப் பொண்ணு அழறா!" என்றாள் பக்கத்தில் நின்ற வனஜா. புனேயிலேயே வளர்ந்த தமிழ்க்காரி.

"இல்ல ஆன்ட்டி, சிரிக்கிறேன்."

"இதுவா சிரிப்பு? பாவம், ரொம்ப கஷ்டம் போல."

அன்று மாலையே வனஜா ஜவ்வரிசியில் செய்த சாபுதானா கிச்சடியோடு அகல்யாவின் வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த நாள் வேறொருவர் பாக்கர்வடி என்ற காரப் பலகாரம் கொண்டுவந்தார். இவர்கள் பரிதாபப்படுவதை நிறுத்துவதற்காக அகல்யா ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு உரக்கச் சிரித்தாள். பூங்காவே திரும்பியது. மறுநாளிலிருந்து அவளை முன்வரிசையில் நிறுத்தினார்கள்.

ராம்பிரசாத்துக்குப் போன் செய்தாள்.

"சூப்பர். எல்லாரோடயும் ஒரு போட்டோ எடுத்து வைங்க. கேட்டா காட்டலாம்."

"போட்டோ எடுக்கலாமான்னு எப்படி சார் கேக்கறது?"

"பிறந்தநாள்னு சொல்லுங்க. அவங்களே எடுப்பாங்க."

சொன்னாள். கேக் வந்தது. மராத்தியில் பாட்டு வந்தது. வனஜா ஒரு பைட்டணிப் பட்டுப்புடவையைத் தோளில் போர்த்தி, கன்னத்தைக் கிள்ளினாள். கடைசியாக யார் அப்படிக் கிள்ளினார்கள் என்று அகல்யாவுக்கு நினைவில்லை. போட்டோவில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் அழுதிருந்தாள்.

அதிகாரி கேட்டால் சொல்ல இப்போது உண்மையான பதிலே இருந்தது. ஆனால் அது பொய்யில் வாங்கிய பதில்.

விசா நேர்காணலுக்கு மும்பை போவதற்கு முந்தைய மாலை, புடவையை மடித்து எடுத்துக்கொண்டு வனஜாவின் கதவைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, அன்னிக்கு எனக்குப் பிறந்தநாள் இல்ல. விசா இன்டர்வியூவுக்காகச் சொன்னேன். கிளப்புல சேர்ந்ததும் அதுக்குத்தான். மன்னிச்சிடுங்க."

வனஜா புடவையை வாங்கிக்கொள்ளவில்லை. அகல்யாவின் கையிலேயே வைத்து அழுத்தினாள்.

"தெரியும் பேட்டா. வருஷா வருஷம் விசா சீசன்ல எங்க கிளப்புல ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் வரும். நீயாவது திரும்பி வந்து, நிஜமான நாள் என்னிக்குன்னு சொல்லு."