சுசித்ராவின் லேப்டாப்

சைரன் நிற்பதாக இல்லை. மாதேஷ் லேப்டாப்பின் மேல் ஒரு தலையணையை வைத்து அமுக்கினான். போதவில்லை. தலையணையின் மேல் தானே குப்புறப் படுத்துக்கொண்டான்.

அப்படியும் அடியிலிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் எச்சரித்துக்கொண்டே இருந்தது. அதில் அவனுக்குப் புரிந்தவை வைரஸ், போலீஸ் என்ற இரண்டு சொற்கள்தான். மற்றதெல்லாம் புரியாததால் பயம் இன்னும் கூடியது.

"டேய் மாதேசா, உள்ள என்னாடா ஆம்புலன்ஸ் சத்தம்?" ஹாலிலிருந்து அம்மா நஞ்சம்மா கேட்டாள்.

"ரோட்ல போவுதும்மா."

"ரோட்ல போறது போயிடணும் இல்ல? இது நம்ம வூட்டுக்குள்ளயே நிக்குதே!"

மாதேஷ் தலையணையை இன்னும் அழுத்தினான். லேப்டாப் அவனுடையதாக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டான். அது அவன் மனைவி சுசித்ராவுக்கு கம்பெனி கொடுத்தது.

சுசித்ராவுக்குப் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. காலையில் ஓசூர் மத்திகிரி முனையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள். வந்து முகம் கழுவிக்கொண்டு, ஏழு மணிக்கு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள். அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங். ஒன்பது மணிவரைக்கும் வீட்டில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். நஞ்சம்மா சீரியலைச் சத்தமில்லாமல் வாயசைவு பார்த்தே புரிந்துகொள்ளப் பழகியிருந்தாள். விசில் வந்தால் அமெரிக்காவுக்குக் கேட்டுவிடும் என்று குக்கர் வைப்பதில்லை. மாதேஷ் காபி போட்டுக் கொண்டுபோய், தட்டாமல் கதவோரம் வைத்துவிட்டுப் பூனை மாதிரி திரும்பி வருவான்.

"இது கம்பெனி லேப்டாப். இதுல ஏதாவது ஆச்சுன்னா என் வேலை போயிடும். தயவு செஞ்சு யாரும் தொடாதீங்க" என்று கல்யாணமான புதிதில் சுசித்ரா சொன்னாள். மூன்று வருஷமாக யாரும் தொடவில்லை. ஆயுத பூஜையன்று கிரைண்டர் முதல் டார்ச் லைட் வரை பொட்டு வைத்த நஞ்சம்மாகூட, லேப்டாப்பை விட்டுவிட்டு அதன் பைக்குத்தான் பொட்டு வைத்தாள்.

இன்றைக்கு மாதேஷ் தொட்டதற்குக் காரணம் நவீன்குமார்.

நவீன்குமாரும் மாதேஷும் சூளகிரியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார்கள். வார்த்து வரும் இரும்புப் பாகத்தை விளக்கடியில் புரட்டிப் புரட்டிப் பார்த்து, விரிசலும் ஓட்டையும் கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்டுபிடித்தால் புரொடக்‌ஷன்காரன் திட்டுவான். கண்டுபிடிக்காவிட்டால் வாங்கின கம்பெனிக்காரன் திட்டுவான்.

"நம்ம கண்ணுக்குன்னே ஒரு கேம் இருக்குடா" என்று நவீன்குமார்தான் கேன்டீனில் ஆரம்பித்தான். "ஒரு பழைய பங்களா. ரூம் பூரா சாமான். அதுல ஒளிஞ்சிருக்கிறதைத் தேடி எடுக்கணும். எடுத்தா கதவு திறக்கும், அடுத்த ரூமு. தேடினதுக்கு ஒருத்தனும் திட்ட மாட்டான், ஸ்டார் குடுப்பான்!"

"போன்ல ஆடலாமா?"

"போன்ல ஆடினா கண்ணு போயிடும். பெரிய ஸ்கிரீன் வேணும். டைம் ஓடுற கேமெல்லாம் எடுக்காத. டைம் பாத்துப் பாத்துத்தான் இங்கயே சாவுறோம். இது நிதானமா ஆடுறது. பொருளு கண்ணு முன்னாலயேதான் இருக்கும், ஆனா தெரியாது. தெரிஞ்சப்புறம் நம்ம தலையில நாமளே அடிச்சுக்கணும். அதான்டா நல்ல கேமு."

சொன்னதோடு விடாமல் ஒரு பென் டிரைவில் போட்டும் கொடுத்துவிட்டான்.

இன்று மாதேஷுக்கு வார விடுமுறை. காலையில் சுசித்ரா லேப்டாப்பில் ஏதோ மெயில் பார்த்துக்கொண்டிருந்தவள், பஸ் ஹாரன் கேட்டதும் மூடி வைத்துவிட்டு ஓடினாள். மூடினாளே தவிர அணைக்கவில்லை. ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு ரூம் ஆடிவிட்டு, அப்படியே மூடி வைத்துவிடலாம் என்று மாதேஷ் நினைத்தான்.

பங்களாவின் சமையலறையில் எல்லாம் கிடைத்துவிட்டது, சாவி ஒன்றைத் தவிர. அடுப்பு, அலமாரி, தொங்கும் பூண்டு மாலை, எங்கே தேடியும் அது இல்லை. கீழே ஓர் ஓரத்தில் 'இலவச உதவி' என்று ஒரு பல்ப் படம் எரிந்தது. தொட்டான். அப்போதுதான் திரை சிவந்து சைரன் கிளம்பியது.

தலையணையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தான். சிவப்பின் நடுவே ஒரு போன் நம்பர். உடனே கூப்பிடவில்லை என்றால் எல்லாம் அழிந்துவிடும் என்கிற மாதிரி எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. மாதேஷ் கூப்பிட்டான்.

எதிர்முனையில் ஒருவன் இந்தியில் அதட்டினான். மாதேஷுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சரளம். பயத்தில் முதலில் வந்தது கன்னடம். "நமகே ஏனூ கொத்தில்லா சார்" என்றான். எதுவும் தெரியாது என்று அவன் சொன்னது எதிர்முனைக்கும் தெரியவில்லை. ஆனால் "கம்பெனி?" என்று கேட்டது மட்டும் மாதேஷுக்குத் தெளிவாகப் புரிந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்கிற பழக்கம் உள்ளவன். சுசித்ராவின் கம்பெனிப் பெயரைச் சொன்னான். அவள் பெயரைச் சொன்னான். எந்த மாடி என்பதையும் சொன்னான்.

எதிர்முனைக் குரல் சட்டென்று குழைந்தது. அந்தக் குழைவைக் கேட்டதும் மாதேஷுக்குச் சந்தேகம் தட்டியது. போனை வைத்துவிட்டு நவீன்குமாரைக் கூப்பிட்டான்.

"யோவ், அந்த நம்பருக்கு எதுக்குய்யா போட்ட? திருட்டுப் பசங்க!"

"கம்பெனிப் பேரை வேற சொல்லிட்டேன்டா."

நவீன்குமார் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது.

"சரி, பவர் பட்டனை அமுக்கிப் புடி. அணையிற வரைக்கும் விடாத."

அமுக்கிப் பிடித்தான். சைரன் நின்றது. அந்த நிம்மதி, மறுபடி ஆன் செய்கிற வரைக்கும்தான். திரையில் சிவப்பு போய்விட்டது. பதிலுக்கு பாஸ்வேர்டு கேட்டது.

மாதேஷ் தன் பெயரை அடித்தான். தப்பு என்றது. அந்த நிலைமையிலும் மனசு லேசாக வலித்தது. கல்யாணத் தேதியை அடித்தான். அதுவும் தப்பு. அவளுடைய பெயர், அவள் தம்பி பிரகாஷ் பெயர், அம்மா பெயர் என்று சொந்தபந்தம் முழுக்க அடித்துப் பார்த்ததில், பிறகு முயலவும் என்று சொல்லி லேப்டாப் வாயை மூடிக்கொண்டது.

காலையில் திறந்திருந்தது இப்போது பூட்டிக்கொண்டது. ஏழு மணிக்கு சுசித்ரா வந்து உட்காருவாள். அமெரிக்கா காத்திருக்கும்.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அந்த இந்திக்காரன். வெட்டினான். மறுபடி அதிர்ந்தது.

லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, ரேஷன் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவனை நஞ்சம்மா வாசலில் மறித்தாள்.

"பையில என்னாடா?"

"ஒண்ணுமில்லம்மா."

நஞ்சம்மா பைக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அடப்பாவி! இதை எங்கடா எடுத்துக்கினு போற? அந்தப் பொண்ணு வேலை என்னாவுறது?"

"சார்ஜ் ஏறல. கடையில காட்டிட்டு வரேன். சுசி கிட்ட மூச்சு விடாத."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்" என்றாள் நஞ்சம்மா. அவள் கை அப்போதே போனைத் தேடிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு லேப்டாப் ரிப்பேர் கடை. வண்டியில் போகிற வழியில் சிக்னலில் நின்ற போலீஸ்காரர் ரேஷன் பையையே பார்ப்பதுபோல் இருந்தது. பச்சை விழுந்தும் மாதேஷுக்கு கிளட்சை விடத் தோன்றவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரன் தெலுங்கில் திட்டியபின்தான் நகர்ந்தான்.

கடையில் காவியா என்று ஒரு சின்ன வயதுப் பெண் இருந்தாள். கையில் ஸ்குரூ டிரைவர்.

"என்னண்ணா ஆச்சு?"

"ஒண்ணும் பண்ணலங்க. அதுவா சைரன் அடிச்சுது."

"அதுவா அடிக்காதுண்ணா. டாக்டர் கிட்ட வந்துட்டு மறைக்கக் கூடாது."

மாதேஷ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கேமு."

"என்ன கேம்?"

"ஒளிஞ்ச பொருளைத் தேடுறது."

"அதானா! உதவின்னு பல்ப் ஒண்ணு எரிஞ்சுதா? அதைத் தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"எல்லாரும் அங்கதான் மாட்டுறாங்க. நல்ல கேமுக்குக் காசு குடுத்தாகணும், ஆனா அதுல உதவி ஆளைக் கடிக்காது. ஓசியில வர்றதுதான் இப்படிக் கூப்பாடு போடும். பயப்படாதீங்க, அது வெறும் பயங்காட்டுற பக்கம். பூட்டினதைத் திறந்து, உள்ள எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துத் தரேன்."

"கம்பெனி லேப்டாப்புங்க. என் வீட்டுக்காரம்மாவோடது. நான் கேம் ஆடினேன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியவே கூடாது."

"நான் ஏன்ணா சொல்லப் போறேன்" என்று காவியா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாதேஷ் ஸ்டூலில் உட்கார்ந்தான். போன் அதிர்ந்தது. இந்திக்காரன் என்று நினைத்து வெட்டப் போனவன், பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"ஏங்க, லேப்டாப் எங்க?" சுசித்ரா பதறினாள். "அத்தை போன் பண்ணாங்க. அதுலேருந்து ஆம்புலன்ஸ் சத்தம் வந்துச்சாம், நீங்க எங்கேயோ எடுத்துட்டுப் போயிருக்கீங்களாம்!"

"அது வந்து... சார்ஜ்..."

"கடையிலயா இருக்கீங்க? திறந்தாங்களா?"

"பாத்துட்டு இருக்காங்க."

"ஐயோ, திறக்க வேணாம்னு சொல்லுங்க! யாரும் உள்ள பாக்கக் கூடாது! எந்தக் கடை? நான் அரை நாள் லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டேன், அத்திப்பள்ளி டோல் தாண்டிட்டேன், இதோ ஓசூர் வந்துடுவேன்."

மாதேஷ் கடைக்கு அடையாளம் சொல்லிவிட்டு போனை வைத்தான். டெங்கு வந்து அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அரை நாள் லீவு போடாதவள் சுசித்ரா. அப்படியென்றால் விஷயம் அவன் நினைத்ததைவிடப் பெரியது. உள்ளே என்ன இருந்ததோ! அமெரிக்காக்காரனின் எந்த ரகசியமோ! பங்களாவில் சாவி தேடப் போய், அதைத் திருடன் கையில் கொடுத்துவிட்டிருக்கிறான்.

"மேடம், திறக்காதீங்க!" என்று உள்பக்கம் பார்த்துக் கத்தினான்.

"முடியப் போவுதுண்ணா!" என்று குரல் மட்டும் வந்தது.

ஆட்டோ வந்து நின்றது. சுசித்ரா இறங்கி ஓடிவந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது. நெற்றி முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது.

"எங்க?"

மாதேஷ் உள்பக்கம் கை காட்டினான். அவள் முகம் வெளுத்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அவனால் மேற்கொண்டு தாங்க முடியவில்லை.

"சுசி, என்னை மன்னிச்சிடு. சார்ஜ் எல்லாம் பொய். நான்தான் கேம் ஆடினேன். ஒளிஞ்சதைத் தேடுற கேமு. என் புத்தி கெட்டுப் போச்சு. ஒருத்தன் கிட்ட உன் கம்பெனி பேரை வேற உளறிட்டேன். உன் வேலை போனா நான் ரெண்டு ஷிஃப்ட் பாக்குறேன், மூணு ஷிஃப்ட் பாக்குறேன். நீ அழுவாத."

சுசித்ரா அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் திட்டவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"கேமா? எந்த கேம்?"

"நவீன் குடுத்தது. பென் டிரைவுல இருந்துச்சு."

"பென் டிரைவுல இருந்ததைத்தான் ஆடினீங்களா? லேப்டாப்புக்குள்ள வேற எதையாவது திறந்து பாத்தீங்களா?"

"எங்கம்மா சத்தியமா இல்ல. உன் ஆபீஸ் விஷயத்துல நான் கை வைப்பேனா?"

சுசித்ரா நீளமாக மூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தாள். "சரி விடுங்க. ஆம்பளைன்னா ஒரு நாள் கேம் ஆடத்தான் செய்வாங்க. கம்பெனியில நான் பேசிக்கிறேன். இனிமே மட்டும் தொடாதீங்க."

மாதேஷ் உருகிப் போனான். இவ்வளவு பெரிய தப்புக்கு இவ்வளவு பெரிய மனசா! வேலையே போகிற நிலைமையில் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லையே! இனி ஏழு மணிக்குக் காபியோடு முறுக்கும் சேர்த்து வைக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டான்.

"எடுத்துட்டு வாங்க, உடனே கிளம்பலாம்" என்று சுசித்ரா அவசரப்படுத்தினாள்.

அதற்குள் காவியாவே லேப்டாப்போடு வெளியே வந்தாள். மாதேஷ் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். சொல்ல மாட்டேன் என்று அவளும் லேசாகத் தலையசைத்தாள். பிறகு சுசித்ராவின் அழுத முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"இதுல பேர் போட்டிருக்கிற சுசித்ராக்கா நீங்கதானா? அழாதீங்கக்கா. போறதுக்கு இதுல ஆபீஸ் ஃபைல்னு ஒண்ணுகூடக் கிடையாது. மூணு வருஷமா நீங்க காசு குடுத்து வாங்கி ஆடின கேம் அத்தனையும், எந்த ரூம்ல விட்டீங்களோ அந்த ரூம்லயே பத்திரமா இருக்கு."