முறுக்கிக்கொண்ட துப்பாக்கி

துப்பாக்கியின் போல்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளே தள்ளினால் போகவில்லை, வெளியே இழுத்தால் வரவில்லை.

வங்கிக் காவலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கிளையில் எல்லோருக்கும் அவர் ‘பட்டாளத்தார்’. பழைய துப்பாக்கி துருப்பிடித்துப் போனதால், தலைமை அலுவலகம் புதிதாக ஒன்றை அனுப்பியிருந்தது. கட்டை தனி, குழல் தனி, போல்ட் தனி என்று பெட்டியில் கிடந்தது. சாயங்காலம் பாதுகாப்பு அதிகாரி பார்வையிட வருகிறார்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “இன்னுமா ஆகலை? கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டிடுவேன்னு இன்டர்வியூல சொன்னீங்களே.”

“புதுச் சாமான் சார். புது மாப்பிள்ளை மாதிரி, மொதல்ல கொஞ்சம் முறுக்கிக்கிட்டுத்தான் நிக்கும்.”

மேனேஜர் அறைக்குள் போனதும் பட்டாளத்தார் பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டை மறுபடி தள்ளிப் பார்த்தார்.

“வழுக்குற மாதிரி ஏதாவது தடவிப் பாருங்கண்ணே.”

சொன்னவர் ஒரு வாடிக்கையாளர். ஒல்லியான மனிதர். கதவு திறந்ததுமே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர், கேஷியரம்மா கூப்பிட்டபோதெல்லாம் “அவசரமில்லைம்மா, மத்தவங்களை அனுப்புங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கேஷியரம்மா கைக்குப் பூசும் கிரீமைக் கொடுத்தார். பட்டாளத்தார் தாராளமாகத் தடவினார். போல்ட் வழுக்கவில்லை, அவர் கைதான் வழுக்கியது. எங்கிருந்தோ ஒரு ஸ்பிரிங் துள்ளி, மின்விசிறியில் பட்டு, பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. ஒல்லி மனிதர் குப்புறப் படுத்து, குடைக்கம்பியால் துழாவி, ஒட்டடையோடு அதை எடுத்துக் கொடுத்தார்.

“இது எங்கே இருந்ததுண்ணே?”

“தெரிஞ்சா நான் ஏன் முழிக்கிறேன்?”

அடுத்து, முத்திரைக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினார். போல்ட் மயிரிழை நகர்ந்தது. நம்பிக்கை வந்து ஓங்கி அடித்தார். முத்திரையின் கைப்பிடி ஒரு பக்கமும் ரப்பர் ஒரு பக்கமும் பறந்தன.

“நல்லாயிருக்கு,” என்றார் கேஷியரம்மா. “இனிமே நான் விரல் ரேகையா குத்துறது?”

கடைசி முயற்சியாக ஒல்லி மனிதர் துப்பாக்கிக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, பட்டாளத்தார் சுவரில் கால் ஊன்றிப் போல்ட்டை இழுத்தார். இருவரும் ஆளுக்கொரு மூலையில் விழுந்தார்கள். போல்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டையில் மட்டும் நீளமாக ஒரு விரிசல்.

பட்டாளத்தார் எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அவ்வளவுதான். என் வேலை போச்சு,” என்றார் மெல்ல.

“அப்படிச் சொல்லாதீங்கண்ணே. பட்டாளத்துல இருந்தவர் நீங்க.”

“இருந்தேன். பேண்டு கோஷ்டியில பெரிய டிரம் அடிச்சேன். மத்தவன் துப்பாக்கி சுடுறப்போ நான் காதைப் பொத்திக்குவேன்.” சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்த வேலை கிடைச்ச பிறகுதான் என் சம்சாரம் நிம்மதியாத் தூங்குறா. அவகிட்ட என்னத்தைச் சொல்வேன்?”

ஒல்லி மனிதருக்கும் கண் கலங்கியது. விரிசலை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். “ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரட்டுமாண்ணே? ஆட்டோவுக்கு நானே குடுத்துடறேன்.”

பட்டாளத்தார் அவரை நிமிர்ந்து பார்த்தார். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பாடுபட மாட்டான்.

“என் தலையெழுத்து, நான் அழறேன். நீங்க ஏன் தம்பி காலையில இருந்து சோறு தண்ணி இல்லாம இதோட மல்லுக்கட்டுறீங்க? உங்களுக்கு என்ன வந்தது?”

ஒல்லி மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவரும் தரையில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

“வெறுங்கையோட வந்துட்டேண்ணே. உங்ககிட்ட இருந்து இதைப் பிடுங்கித்தான் பேங்கைக் கொள்ளையடிக்கலாம்னு இருந்தேன்.”