'வதாஷி நோ' பட்டுக்கடை

எங்கள் குடும்பத்துக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆட்டோ மட்டும்தான் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணான நான், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பெரிய காஞ்சிபுரத்தில் பாதியை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன்.

அப்போது ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் பயிற்சிக்காலம். வேலை நிரந்தரமா இல்லையா என்பது பத்து நாளில் தெரிந்துவிடும். அந்த நேரம் பார்த்து மேனேஜர் யமாடா ஊரைப் பார்க்க ஆசைப்பட, "நான் காட்டுறேன் சார்" என்று கை தூக்கினேன். (எனக்குக் கைதான் முந்தும், புத்தி பின்னால் வரும்.) ஆன்லைன் வகுப்பில் அதுவரை உருப்படியாகப் படித்தது 'வதாஷி நோ' ஒன்றுதான். 'என்னுடைய' என்று பொருள்.

ஞாயிறன்று ஏறியதும், ஆட்டோ யாருடையது என்று யமாடா கேட்டார். "வதாஷி நோ" என்றேன். காக்கிச் சட்டையில் ஓட்டிக்கொண்டிருந்தவர் என் அப்பா. சொல்லியிருப்பேன், அப்பாவுக்கான சொல் அடுத்த வாரப் பாடத்தில்தான் வருகிறது.

தெரிந்த பாயின் பட்டுக்கடைக்குள் நுழைந்தோம். வாய் சும்மா இருக்குமா? கடையைச் சுற்றிக் கையை வீசி, "வதாஷி நோ" என்றேன்.

"இன்னாம்மா சொன்ன?" என்றார் பாய்.

"நம்ம கடைன்னேன் பாய்."

"பின்ன, உன் கடைதான்." யமாடா பக்கம் திரும்பி, "ஹெர் ஷாப் சார்" என்றார்.

நம் ஊரில் இது ஒரு மரியாதை. இட்லிக்கடை அக்காவும் அதே மரியாதையைச் செய்தார். உற்சாகத்தில் கோயில் குளத்தையும் நானே சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். யமாடாவும் இருந்தார்.

"பட்டுக்கடை, ஓட்டல், ஆட்டோ, அதுக்கு ஒரு டிரைவர், ஒரு குளம்" என்று வாசித்தார் எச்.ஆர். அதிகாரி. "வேற தொழில் எதுவும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கிறீங்களேம்மா. வேலையே போயிடும், தெரியுமா?"

"சார், நாங்க குடியிருக்கிறதே வாடகை வீட்ல சார்."

"கடைக்காரரே உங்க கடைன்னு சொன்னாராமே?"

"மரியாதைக்குச் சொன்னாரு சார். நீங்க போனாலும் உங்க கடைம்பாரு."

எங்கள் பக்கத்துச் செய்யாற்றுக்காரரான அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு யமாடாவுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது. யமாடா மட்டும் சிரிக்காமல், "டிரைவர்?" என்றார்.

"மை ஃபாதர் சார்."

அவர் முகம் வெளிறிவிட்டது. முந்தின நாள் ஆட்டோவை விட்டு இறங்கும்போது அப்பாவின் தோளைத் தட்டி, "யுவர் பாஸ் வெரி குட். ஒர்க் ஹார்ட்" என்று புத்தி சொல்லியிருந்தாராம். எழுந்து இடுப்பு வளைய மன்னிப்புக் கேட்டார்.

பத்தாம் நாள் நிரந்தர உத்தரவு வந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்து, மடித்துக் கொடுத்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா. அப்ப என் வேலையும் பர்மனன்ட்டுதானே?"

வருஷம் மூன்றாகிறது. இன்றும் லீவு வேண்டுமென்றால் என்னிடம்தான் கேட்கிறார்.