கதவைச் சுரண்டிய அதிகாரி

ஒரு காட்டில், அதுவும் மனுப்பெட்டி வைக்கிற அளவுக்கு முன்னேறிவிட்ட காட்டில், செங்கமலம் என்றொரு முயல் இருந்தது. மழைச்சாரல் எட்டாத குகையில் வீடு. வாசலில் இரும்புக் கம்பிக் கதவு. வெளியே ஒரு சிறுத்தை, உள்ளே நாலு குட்டிகள். நடுவில் அந்தக் கதவு மட்டும்தான்.

ஒருநாள் துரு ஒழிப்பு அதிகாரியான குரங்கு மருதப்பன் உப்புத்தாளோடு வந்து நின்றார்.

"கதவு மங்கிக் கிடக்குன்னு மனு வந்திருக்கும்மா. சுரண்டணும்."

"ஐயா, அது துரு இல்லீங்க. காத்து பட்டு இரும்பு மேல படிஞ்ச மெல்லிசுத் தோலு. மொதல்ல மளமளன்னு வளரும், அப்புறம் தானா நின்னுடும். அடியில இருக்கிற இரும்பைக் காப்பாத்துறதே அதுதாங்க."

மருதப்பன் படிவத்தைப் புரட்டினார். 'பளபளக்கிறதா? ஆம் / இல்லை' என்று மட்டுமே இருந்தது. காப்பாற்றுகிறதா என்று கேட்க மேலிடத்துக்குத் தோன்றவில்லை. சுரண்டினார். 'ஆம்' போட்டார்.

அடுத்த வாரத்துக்குள் புதுத் தோல் படிந்து கதவு மங்கியது. மறுபடி மனு, மறுபடி உப்புத்தாள். ஒவ்வொரு முறையும் தோலோடு கொஞ்சம் இரும்பும் போனது. ஆறு மாதத்தில் கட்டைவிரல் பருமனிருந்த கம்பிகள் ஈர்க்குச்சி ஆகிவிட்டன. சிறுத்தை தலையை நுழைத்து அளவு பார்த்துவிட்டுப் போனது. அடுத்த முறை மருதப்பன் உப்புத்தாளோடு வந்ததும் செங்கமலம் கேட்டது:

"யாருங்கய்யா வாராவாரம் மனு போடுறது?"

"நம்ம சிறுத்தைதான். சுத்தம்னா அவருக்கு உசுரு."

செங்கமலம் அழவில்லை. அழுது எழுதிய மனுக்கள் பெட்டியின் அடியில் கிடப்பது அதற்குத் தெரியும். ஒரு படிவம் வாங்கி நிதானமாக எழுதியது: 'மேற்படி சிறுத்தையின் உடம்பு முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு. ஆவன செய்யவும்.'

மருதப்பன் போய்ப் பார்த்தார். பளபளக்கிறதா? இல்லை. உப்புத்தாளை எடுத்தார்.

"யோவ், அது என் தோலுய்யா!" என்று அலறியது சிறுத்தை.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றபடி முதுகில் ஏறி உட்கார்ந்தார் மருதப்பன்.

கடித்திருக்கலாம்தான். ஆனால் அதிகாரியைக் கடித்தால் ஆயுசு முழுக்க விசாரணைக்கு அலையவேண்டும். மூன்றாவது தேய்ப்பில் சிறுத்தை காட்டை விட்டே ஓடியது. வேலை பாதியில் நின்றதால் மருதப்பனும் பின்னாலேயே ஓடினார். இருவரும் இன்னும் திரும்பவில்லை. குகைக் கதவில் தோல் நிம்மதியாக வளர்ந்து, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது.

நீதி: அதிகாரிக்கு விளக்கம் சொல்லி மெனக்கெடாதே, அடுத்தவர் விலாசத்தைக் கொடு.